பிடித்துத் தைத்த உடுப்புகள்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடிகள் அதிரும் தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் ஸ்ரீஸ்கந்தராசா குடும்பம் இருந்தது. அந்தக் கட்டடத்தில் அவரைப் பெயர் சொல்லித் தேடினால் கண்டுபிடிப்பது கஷ்டம். "கோப்பிக் கலர் காற்சட்டை போடுற ஐயா" என்றால் வாசல் காவற்காரன் கையை நீட்டி வழி காட்டிவிடுவான்.

அந்தக் காற்சட்டை மகள் ஹம்சிகாவுக்கு முதல் பல் முளைத்ததற்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய அன்று புதிதாகப் போட்டது. ஹம்சிகா இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள். அதோடு சாம்பல் நிறத்தில் இன்னொன்று, கொழும்புக்குத் திரும்பி வந்த புதிதில் புறக்கோட்டையில் வாங்கிய இளநீல அரைக்கைச் சேட், கோடு போட்ட சேட் ஒன்று, கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் போடுகிற வெள்ளைச் சேட் ஒன்று. மனிசனின் அலுமாரி இவ்வளவும்தான். காலர் தேய்ந்தால் மனைவி நேசமலர் அதைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துவிடுவாள். அதுவும் தேய்ந்தால் சேட்டின் அடித் துணியில் வெட்டிப் புதுக் காலர் பிடிப்பாள்.

ஊர் வாய்க்கு இதெல்லாம் நல்ல அவல். "எண்பத்து மூண்டுக் கலவரத்தில உடுத்த உடுப்போட கப்பலேறின மனிசன், உடுப்பில ஒரு பற்று இருக்கும்தானே" என்று மேல் மாடி அருள்நாயகி இரக்கப்படுவாள். கசவாரம், காசை இறுக்கிப் பிடிக்கிற ஆள் என்று மச்சான்மார் சிரிப்பார்கள். மனிசனையே கேட்டால், "அது இன்னும் கிழியேல்லையே" என்பார். எறிந்துவிடும்படி அந்தச் சேட் தனக்கு என்ன குற்றம் செய்தது என்று கேட்பதுபோல இருக்கும் அந்தக் குரல். அதற்குமேல் அவரிடமிருந்து விளக்கம் வராது.

அந்த உடுப்புகளின் ஆயுள் நேசமலரின் கையில் இருந்தது. பழைய துணியைத் தோய்க்கிற மெசினுக்குள் போட்டால் அது பிய்த்துத் துப்பிவிடும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, உள்பக்கத்தை வெளியே புரட்டி, முறுக்காமல் பிழிந்து, பல்கனியில் நிழல் விழும் பக்கமாகப் போடுவாள். கடற்காற்றில் உப்பு உண்டு. இரும்புக் கம்பியைத் தின்கிற அது துணியை விடுமா? அரை ஈரத்தில் எடுத்து அயன் பண்ணினால்தான் நூல் நிமிர்ந்து நிற்கும். எங்கே துணி இளைத்திருக்கிறது, எந்தத் தையல் அடுத்த மாதம் விடப்போகிறது என்பதெல்லாம் அவள் விரல் நுனிக்குத் தெரியும்.

ஐப்பசி மழை ஓயாமல் அடித்த ஒரு பின்னேரம், ஈரம் காயாத கோப்பிக் கலர் காற்சட்டையை உள்பக்கமாகப் புரட்டி அயன் மேசையில் விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இடுப்புக்குப் பின்னால், நடுத் தையலில், கறுப்பு நூல் ஓடியிருந்தது. மெசின் தையல். நேராக, நெருக்கமாக, நல்ல பழகிய கை. ஆனால் அது அவளுடைய கை அல்ல. கலியாணம் முடித்த நாள் முதல் அந்த மனிசனின் உடுப்பில் இன்னொருவரின் ஊசி ஏறியது கிடையாது.

முதலில் வந்தது பயமல்ல, மனத்தாங்கல். என்னிடம் தராமல் யாரிடம் கொடுத்தார்?

ஸ்ரீஸ்கந்தராசா கப்பல் கொம்பனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யாட் ஒன்றில் உள்ளே வரும் பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலைக்குக் கூப்பிட்டார்கள். காலையில் புறக்கோட்டை பஸ் பிடித்து, அங்கிருந்து மாறிப் போய், இருட்டும் நேரம் தூசியோடு வந்து சேர்வார். அன்றும் வந்து, குளித்து, சறத்தைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும் மீன் பொரியலும். சாப்பாட்டுக் கோப்பையில் போட்டதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

"இன்னும் கொஞ்சம் புட்டு வையும்."

வைத்தாள். "இஞ்சாருங்கோ, அந்தக் கோப்பிக் கலர்க் காற்சட்டையை ஆரிட்டக் குடுத்துத் தைச்சனீங்கள்?"

அவர் புட்டைக் குழைத்தார். "அதுவோ... வேலைத்தலத்தில தையல் விட்டுப்போட்டுது. மார்க்கெட்டுக்கு மேல ஒரு தையல்கார நானா இருக்கிறார், அவரிட்டக் குடுத்தனான்."

"ஏன், எனக்குக் கையில்லையோ?"

"உமக்கேன் கரைச்சல் எண்டு நினைச்சன். பின்னேரத்தில கண்ணும் தெரியுதில்லை எண்டு சொல்லுறனீரெல்லே."

"நான் எப்ப சொன்னனான்?"

"புட்டுக்கு மேல கொஞ்சம் சொதி விடும்," என்றார் அவர்.

மறுநாள் அவர் போனபிறகு காற்சட்டையை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். விட்ட தையலைத் தைத்தால் நூல் பழைய துளைகளின் மேல்தான் ஓடும். இது அப்படி ஓடவில்லை. பழைய துளைகளின் வரிசை ஓரத்தில் கிடந்தது. அதற்கு உள்ளே ஒரு வரிசை, அதற்கும் உள்ளே இன்னொன்று. தோய்த்துக் காயப்போடுகிறபோது ஏன் இதைக் காணவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, காற்சட்டையைப் பையில் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மார்க்கெட்டின் மேல் தட்டில், மூலையில், ஒரே ஒரு மெசினோடு ஸஹாப்தீன் நானாவின் தையற்கடை. கூரைத் தகட்டில் மழை கொட்டியதில் இரண்டுபேரும் உரத்துக் கதைக்க வேண்டியிருந்தது.

"வாங்க மிஸிஸ், என்ன தைக்க?"

"இது நீங்கள் தைச்சதோ எண்டு பாருங்கோ."

நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஆ, எங்கட கொண்டேனர் சேர்ட காற்சட்டை. ஏன், தையல் விட்டுட்டா?"

"இல்லை, நல்லாத்தான் இருக்குது. என்ன செய்தனீங்கள் எண்டு அறிய வந்தனான்."

"இடுப்பப் புடிச்ச. நோன்புக்கு முந்தி ஒருக்காப் புடிச்ச, ஹஜ்ஜுப் பெருநாளோட ஒருக்கா. போன மாசமும் கொண்டாந்தார். நான் செல்லின, சேர், இனிப் புடிக்க ஏலா, இங்க பாருங்க, பின்னுக்கு ஈக்கிற ரெண்டு பொக்கட்டும் முட்டப் போகுது, புதுசு ஒண்டு தச்சுத் தாரன் எண்டு. மனிசன் கேக்கல்ல. ஏலுமான மட்டும் புடிங்க நானா எண்டார்." பேசிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "வீட்ல செல்லல்லியா அவர்?"

"சொன்னவர், சொன்னவர்," என்றாள் நேசமலர். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் தன்பாட்டில் சொன்னது.

"அல்லாட காவல். சுகத்தப் பாத்துக்கொள்ளச் செல்லுங்க."

படியிறங்கினாள். காலி வீதி என்ற பெருந்தெருவில் பஸ்களும் ஓட்டோக்களும் தண்ணீரை வாரி அடித்துப் போயின. அவள் குடையை விரிக்க மறந்து நின்றாள். மனதில் வந்து நின்றது அவருடைய தமையன் ஞானச்சந்திரன். தெஹிவளையில் இருந்தவர். ஒரு பொங்கலுக்கு வந்தபோது நின்ற இடத்தில் நின்று காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கதைத்தார். "பெல்ட் போட மறந்திட்டன்" என்று சிரித்தார். பிறகு சோதித்தார்கள், மகரகமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொங்கலுக்கு வந்தவர் சித்திரை வருடப்பிறப்பைக் காணவில்லை. இனி அந்த நோயின் பெயரை யாரும் இந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று அன்றைக்கு ஸ்ரீஸ்கந்தராசா சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

இன்றைக்குக் கேட்டே தீர்வது என்றுதான் அவள் வீடு வந்தாள். ஆட்டெலும்பு ரசம் வைத்தாள். முருங்கையிலை வறை, முட்டைப் பொரியல். அவர் வந்தார், குளித்தார், சாப்பிட்டார். இரண்டுபேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டார். தின்கிறதெல்லாம் எங்கே போகிறது என்று அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். சறத்துக்கு மேல் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எழும்பித் தெரிந்தன. எத்தனை நாளாகத் தெரிகின்றன? அவருடைய உடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தவள் உடம்பைப் பார்க்காமல் விட்டுவிட்டாளே.

"என்ன, அப்பிடிப் பாக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. ரசம் காணுமோ, இன்னும் விடவோ?"

கேள்வி வாய்வரை வந்தது, அங்கேயே தங்கிவிட்டது. கேட்டால் அவர் பதில் சொல்வார். அந்தப் பதிலோடு நாளைக்கு எப்படி எழும்புவது? கேட்காத வரைக்கும் அது மெலிவு மட்டும்தான். நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தாள். நாளை போய்ப் பிறகு வெள்ளிக்கிழமை என்றானது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். அன்றும் கேட்கவில்லை.

கேட்காதது மட்டும் என்றால் பரவாயில்லை. கோயிலுக்கு வெள்ளைச் சேட்டைப் போட்டவர் தேரடியில் நின்றபோது தோள் தையல் கைக்குள் இறங்கிக் கிடந்தது. தூக்குக் கொடியில் மாட்டிய சேட்போல. நாலு சனம் பார்க்கிற இடம். வீட்டுக்கு வந்த கையோடு அவள் அந்தச் சேட்டை எடுத்துத் தோளைப் பிரித்து, உள்ளே தள்ளிப் பிடித்து, பக்கங்களையும் ஒடுக்கித் தைத்தாள். வெள்ளைக்கு வெள்ளை நூல், வெளியே தெரியாத ஊசி. தைத்து முடித்து விரித்துப் பார்த்தபோது ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் அவளைப் பிடித்தது. அடுத்தது கோடு போட்ட சேட். அதற்கடுத்தது இளநீலம்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. தோய்த்த சேட்டைப் போடுவார், கண்ணாடியில் பார்ப்பார், போவார்.

ஒருநாள் லிப்டில் அருள்நாயகி சொன்னாள், "நேசமக்கா, அண்ணர் இப்ப நல்ல ஸ்மார்ட்டெல்லே. உடுப்பெல்லாம் அளவா நிக்குது. வோக்கிங் போறவரோ?"

"ஓம், ஓம். காலமை கடற்கரையால நடக்கிறவர்."

"எங்கட ஆளுக்கும் சொல்லுங்கோவன். வயித்தைப் பாருங்கோ அவற்ற."

இருவரும் சிரித்தார்கள். அன்று இரவு ஹம்சிகாவும் தொலைபேசியில் இருந்து தலையை நிமிர்த்தி, "அப்பா டயட்டோ? பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கிறீங்கள்" என்றாள். "வேலை அலைச்சல் பிள்ளை," என்றார் அவர். நேசமலர் குசினிக்குள் போய்ச் சும்மா தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு காலை, அவர் கோடு போட்ட சேட்டைக் கொண்டுவந்து அயன் மேசையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சேட்டின்ர கையையும் கொஞ்சம் பிடிச்சு விடும். காத்துப் புகுந்து எழும்புது."

அவளும் கடலைத்தான் பார்த்தாள். "சரி," என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும் என்பது அந்த நேரத்தோடு வெளியே வந்துவிட்டது. வந்தபிறகும் இரண்டுபேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நடு வீட்டில் பாம்பு கிடக்கிறது. கிடக்கட்டும், மிதிக்காமல் போவோம் என்பதுபோல. நாளாக ஆக அவருக்குக் கோபமும் கூடியது. மின்விசிறிக் காற்றுக் காணாது என்று கத்துவார். மழைக் குளிரிலும் வேர்க்கும். தேத்தண்ணிக் கோப்பை கையில் நடுங்கித் தட்டில் கிணுகிணுக்கும். ரயில் சத்தத்தில் அது அடிபட்டுப் போகும் என்று காத்திருந்து எடுப்பார்.

கார்த்திகை விளக்கீடு கழிந்த வாரம். வேலைக்கு நேரமாகிவிட்டது, மனிசன் அறைக்குள் நின்று வரவில்லை. எட்டிப் பார்த்தாள். இளநீலச் சேட்டின் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். விரல் நடுங்கி நடுங்கிப் பொத்தான் துளையை விட்டு விலகியது.

"விடுங்கோ, நான் பூட்டிவிடுறன்."

"நான் என்ன குழந்தையே?"

"நேரம் போகுதப்பா."

கிட்டப் போய் மேல் பொத்தானைப் பூட்டினாள். இரண்டாவதைப் பூட்டும்போது புறங்கை அவர் நெஞ்சில் பட்டது. கையை எடுக்க முடியவில்லை. தேய்ந்து நொய்ந்த அந்தத் துணிக்குக் கீழே நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. கைக்குள் பிடிபட்ட குருவி அடிப்பதுபோல, தாளமில்லாமல், விட்டு விட்டு, பிறகு அவதிப்பட்டு ஓடி. இவ்வளவு காலமும் அவள் துணியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள்ளே ஒரு உயிர் இப்படித் தனியாகக் கிடந்து ஓடியிருக்கிறது.

"என்ன?" என்றார்.

"ஒண்டுமில்லை. போட்டு வாங்கோ."

அவர் போன பிறகு அவள் உலை வைக்கவில்லை. அலுமாரியைத் திறந்து அதிலிருந்த உடுப்புகள் எல்லாவற்றையும் கட்டிலில் போட்டாள். சவர பிளேட் ஒன்றை எடுத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையை யன்னலடிக்கு இழுத்தாள். கோப்பிக் கலர் காற்சட்டையின் நடுத் தையலில் பிளேட்டின் முனையை வைத்து ஸஹாப்தீன் நானாவின் கறுப்பு நூலை அறுத்தாள். ஒன்று விட்டு ஒன்று அறுத்து இழுக்க, நூல் நெளிந்து நெளிந்து வந்தது. மடிப்புக்குள் இருந்த துணி விரிந்தபோது அது வேறு நிறமாக இருந்தது. வெயில் படாத, தோய்ச்சல் அதிகம் காணாத, கடும் கோப்பிக் கலர். பிறகு வெள்ளைச் சேட், பிறகு கோடு போட்டது. தன் கையால் தைத்ததைப் பிரிக்கும்போதுதான் அதிக நேரம் எடுத்தது. அவள் நெருக்கமாகத் தைத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி வரிசை தவறி, ஓரிடத்தில் துணியையும் கீறிவிட்டாள். மதியம் போய்ப் பின்னேரம் வந்தது. சாப்பிடவில்லை என்பதே அவளுக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் பழைய அகலத்துக்கு அயன் பண்ணி அலுமாரியில் மாட்டினாள். இரவு அவர் உடுத்திக்கொண்டு வந்த சாம்பல் காற்சட்டையையும் இளநீலச் சேட்டையும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. யாட்டில் அரை நாள் வேலை. குசினியில் நின்றவளுக்கு அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

"நேசம்! என்னப்பா இது?"

போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் காற்சட்டையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு ஆளும் உள்ளே நிற்கலாம் போல இடம் இருந்தது. மேலே வெள்ளைச் சேட் சாக்குப்போலத் தொங்கியது. பிரித்த தையல்களின் ஓரம் முழுக்கப் பழைய நிறம் பட்டி பட்டியாகத் தெரிந்தது.

"உங்கட காற்சட்டைதான்," என்றாள்.

"ஏன் பிரிச்சனீர்? வேலைக்குப் போறதில்லையே நான்?"

"போறதில்லை. இண்டைக்கு டொக்டரிட்டப் போறம்."

"விசர்க் கதை கதையாதேயும். எனக்கு ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையெண்டால் கையை விடுங்கோ."

அவர் கையை விடவில்லை.

"விடுங்கோவன் பாப்பம். உங்கட அளவுதானே. உங்களுக்கெண்டு தைச்சதுதானே. விடுங்கோ கையை!"

இப்படிக் குரலை உயர்த்தி அவள் பேசியதில்லை. அடுத்த அறையிலிருந்து ஹம்சிகா ஓடிவந்து வாசலில் நின்றாள். தகப்பனைப் பார்த்தாள். "ஐயோ அம்மா, அப்பாக்கு என்ன?" என்றாள்.

ஸ்ரீஸ்கந்தராசா போய்க் கட்டிலில் இருந்தார். காற்சட்டையின் இடுப்பை இன்னும் பிடித்தபடிதான். சின்னக் குரலில் சொன்னார், "எனக்குப் பயமா இருக்குதப்பா."

நேசமலர் பக்கத்தில் போய் இருந்தாள்.

"அண்ணைக்கும் இப்பிடித்தான் துவங்கினது. உமக்குத் தெரியும்தானே. சோதிச்சுப் பாத்தாப் பிறகு அந்தாள் ஒரு நாள் நித்திரை கொண்டதோ? சோதிக்காமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் சந்தோசமா இருந்திருக்கும். நான் அதைத்தான்... புதுக் காற்சட்டை வாங்கப்போனால் அளவு கேப்பாங்கள். என்ர வாயால அந்த அளவைச் சொல்ல வேணும்."

"சொல்லாட்டில் அது பெருத்திடுமோ?"

"தெரிஞ்சு நாங்கள் என்ன செய்யப் போறம்?"

"எனக்குத் தெரியாது. ஆனால் இனி என்னால தைக்கேலாது," என்றாள் அவள்.

ஹம்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். பம்பலப்பிட்டியில் ஒரு டொக்டரை அன்று பின்னேரத்துக்குச் சனல் பண்ணி நேரம் எடுத்தாள். இடுப்புப்பட்டியை இறுக்கி, மேலே சேட்டை வெளியே விட்டு, ஓட்டோவில் போனார்கள். பெரிய உடுப்புக்குள் அவர் குளிர் பிடித்தவர்போல ஒடுங்கி இருந்தார்.

டொக்டர் இளவயதுச் சிங்களப் பெண். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து, எவ்வளவு காலமாக மெலிவு என்று கேட்டார்.

"ரெண்டு மூண்டு கிழமைதான்," என்று சிங்களத்தில் சொன்னார் ஸ்ரீஸ்கந்தராசா.

"பொய், டொக்டர்," என்றாள் நேசமலர், தனக்குத் தெரிந்த சிங்களத்தில். "நோன்புக்கு முதலே துவங்கிட்டுது." எழும்பி, அவர் சேட்டைத் தூக்கி, காற்சட்டைப் பின்புறத்தை இழுத்து, பழைய துளைகளின் வரிசைகளைக் காட்டினாள். ஒவ்வொரு வரிசைக்கும் காலம் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு அவரது கழுத்தைப் பின்னால் நின்று தடவிப் பார்த்தார், விழுங்கச் சொன்னார். கைகளை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று அடித்தது. நாடியை நீண்ட நேரம் பிடித்திருந்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டார். "யானை மாதிரி," என்றாள் நேசமலர்.

இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுத் துடிப்பைப் பதிந்தார்கள், கழுத்தை ஸ்கேன் பண்ணினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. யாட்டுக்கு லீவு சொல்லியாயிற்று. மனிசன் பல்கனியில் இருந்து ரயில்களைப் பார்த்தார். நேசமலர் சோற்றில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். ஒரு தரமும் அவர் குறை சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது.

முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று ஹம்சிகாவுக்கு லீவு கிடைக்கவில்லை. இருவரும்தான் போனார்கள். டொக்டர் தாள்களைப் புரட்டிவிட்டுத் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். இங்கே ஒரு சுரப்பி இருக்கிறது, அது அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது, உடம்பை உள்ளுக்குள் எரிக்கிறது. அதுதான் மெலிவு, அதுதான் நடுக்கம், வேர்வை, கோபம். புற்றுநோயின் அடையாளம் ஒன்றும் இல்லை. மாத்திரையால் அடக்கலாம்.

"இல்லையோ?" என்று கேட்டார் ஸ்ரீஸ்கந்தராசா. தமிழில் கேட்டார். டொக்டருக்கு அது விளங்கியது. இல்லை என்று தலையாட்டினார்.

பிறகு டொக்டர் கொஞ்சம் கடுமையாகச் சொன்னார். இவ்வளவு காலம் விட்டதால் நெஞ்சின் தாளம் குழம்பிவிட்டது. அதற்கும் மாத்திரை வேண்டும், இரத்தம் கட்டாமல் இருக்கவும் வேண்டும். ஒழுங்காக வந்து காட்ட வேண்டும். முதலே வந்திருந்தால் நெஞ்சு தப்பியிருக்கும்.

காலி வீதிக்கு வந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. பஸ் தரிப்பிடத்து மர வாங்கில் நேசமலர் உட்கார்ந்தாள். மனிசனோ நின்றபடி அங்குமிங்கும் பார்த்தார். முகத்தில் ஒரு விடுதலை.

"இஞ்சாரும், எனக்கு நல்லாப் பசிக்குது. அங்கால அந்தச் சைவக்கடையில ரெண்டு வடை தின்னுவமே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த வடையில் வந்து உடைந்தது.

"வடையோ? வடை கேக்குதோ உங்களுக்கு? என்னை உயிரோட சாகடிச்சுப்போட்டு இப்ப வடை தின்னப்போறீங்களோ? நெஞ்சு பழுதாப் போட்டுதெண்டு அந்த டொக்டர்ப் பிள்ளை சொல்லுது, கேட்டதோ காதில? இவ்வளவு காலமும் அந்த நானாவுக்குத் தெரியும், கட்டினவளுக்குத் தெரியாது! ஒரு வார்த்தை சொன்னீங்களோ? ஒரு வார்த்தை?"

தரிப்பிடத்தில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. அவர் வாங்கின் மற்ற நுனியில் வந்து உட்கார்ந்தார். திட்டெல்லாம் வாங்கினார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்:

"நீரும்தானே தைச்சனீர்."

குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நேசமலர் கையில் இருந்த மருந்துப் பையைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "நானும்தான் தைச்சனான்."

பிறகு அழத் தொடங்கினாள். சேலைத் தலைப்பால் மூடி மறைக்கிற அழுகை அல்ல. குழந்தைகள் அழுவதுபோல வாய்விட்டு. பக்கத்தில் நின்ற சிங்களப் பெட்டை ஒருத்தி குனிந்து, என்ன அம்மா, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாள். "சந்தோசெட்ட துவே, சந்தோசெட்ட," என்று நேசமலர் விம்மலுக்கு நடுவில் சிங்களத்தில் சொன்னாள், சந்தோசத்தில்தான் மகளே என்று. அது பாதிதான் உண்மை. அந்தப் பெட்டை நம்பாமல் ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்து முறைத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள்.

பஸ் வந்து நின்றது. "வெள்ளவத்தை, தெஹிவளை, ரத்மலானை!" என்று மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்திய கொண்டக்டர் இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். போகச் சொல்லி ஸ்ரீஸ்கந்தராசா கை காட்டினார். பஸ் போனது. இன்னொன்று வந்தது, அதையும் அனுப்பினார். அழாதேயும் என்று அவர் சொல்லவில்லை. நகர்ந்து வந்து அவள் தோளோடு தோள் முட்ட இருந்தார்.

அவள் அழுது முடித்தாள். போத்தல் தண்ணீரில் முகத்தைக் கழுவித் தலைப்பால் துடைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீதிக்கு அப்பால் இருந்த சைவக்கடையைப் பார்த்தாள்.

"பசிக்குது எண்டனீங்கள்," என்றாள். "எழும்புங்கோ."